லாக் புக், எக்செல், செயலி: ஆர்.ஓ. நிலையத்தில் மூன்றையும் பயன்படுத்திய அனுபவம்

ஒரு தொழிற்சாலையின் பாய்லருக்கு நீர் தரும் ஆர்.ஓ. (சவ்வின் வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை) நிலையத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஆழ்துளைக் கிணற்று நீர் வடிகட்டிகளைக் கடந்து ஆர்.ஓ.வுக்கும், அங்கிருந்து சாஃப்ட்னர் (நீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி) வழியாகப் பாய்லருக்கும் போகிறது. அளவீடுகளைப் பதிய முதலில் தைத்த லாக் புக் இருந்தது. பிறகு எக்செல் வந்தது. அதன்பின் சந்தா கட்டி ஒரு கைபேசிச் செயலியும் வாங்கினோம். புதிதாகச் செயலி வாங்க நினைப்பவர்களுக்கு இது உதவக்கூடும்.

லாக் புக்கிலிருந்து தொடங்குகிறேன். ஈரக் கையோடு எழுதலாம், சிக்னல் தேவையில்லை, பக்கத்தைக் கிழித்தால் தெரிந்துவிடும். பேனாவால்தான் எழுத வேண்டும், தவறானால் ஒரே கோடு போட்டு அடித்துக் கையெழுத்திட வேண்டும், வெள்ளை மை கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். ஆனால் தலைப்புகளைச் சரியாக எழுதாத லாக் புக்கால் பயனில்லை. 'டி.டி.எஸ்.' (நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு) என்ற தலைப்பின் கீழ் ஒரு ஷிப்ட்காரர் மின்கடத்துத்திறனை மைக்ரோசீமென்ஸில் எழுதுவார், அடுத்தவர் கரைந்த அளவை பி.பி.எம்.மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று) எழுதுவார். ஒன்று மற்றொன்றில் பாதி முதல் முக்கால் வரை இருக்கும் என்பதால் இரண்டுமே நம்பும்படியாகத் தெரியும். எந்த மீட்டர், எந்த அலகு, எந்தக் குழாயில் எடுத்த மாதிரி என்று தலைப்பிலேயே அச்சடித்த பிறகுதான் இந்தக் குழப்பம் நின்றது. நேரத்தையும் 6, 8, 10 என்று முன்கூட்டியே அச்சடிக்கக் கூடாது. 8.25க்குப் பார்த்தால் 8.25 என்றே எழுதட்டும்.

லாக் புக்கால் முடியாதது ஒன்று உண்டு. அதற்காகவே எக்செல்லுக்கு என் முழு மதிப்பெண்.

ஆர்.ஓ. சவ்வு தரும் நீரின் அளவு, நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் உற்பத்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். ஏப்ரலில் 31 டிகிரியில் மணிக்கு 20 கன மீட்டர் தரும் நிலையம், மார்கழியில் 26 டிகிரியில், அதே அழுத்தத்தில், 17 சொச்சம்தான் தரும். சவ்வில் ஒரு கோளாறும் இருக்காது. தொல்லை இதன் மறுபக்கத்தில் இருக்கிறது. உற்பத்தி குறைந்தால் ஆபரேட்டர் வால்வைத் திருகி அழுத்தத்தைக் கூட்டிவிடுவார். லாக் புக்கில் நாள்தோறும் 20 என்றே இருக்கும். பார்ப்பவருக்கு நிம்மதி. உள்ளே சவ்வு மெல்ல அடைத்துக்கொண்டிருக்கும். வெப்பம், அழுத்தம், உப்பின் அளவு மூன்றையும் சேர்த்து, 25 டிகிரிக்கு ஈடாகத் திருத்திய எண்ணை வரைபடமாகப் பார்த்தால்தான் சரிவு கண்ணில் படும். அந்த எண் 10 முதல் 15 சதவீதம் இறங்கினால் ரசாயனக் கழுவல் என்பது தொழிலில் வழக்கமான அளவுகோல். அந்த அளவைக் கடந்துவிட்டால் கழுவினாலும் பழைய நிலைக்கு வருவது சந்தேகமே.

இன்னொரு கணக்கையும் அதே தாளில் வைத்திருக்கிறோம். நாளொன்றுக்கு 600 கன மீட்டர் நீர் உள்ளே போகிறது, ஆன்டிஸ்கேலன்ட் (சவ்வில் உப்புப் படிவதைத் தடுக்கும் மருந்து) அளவு 3 பி.பி.எம். என்றால், 1.8 கிலோ செலவாகியிருக்க வேண்டும். டிரம்மில் அவ்வளவு இறங்கவில்லையா? டோசிங் பம்ப் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது, மருந்து போகவில்லை. பம்பின் ஸ்ட்ரோக் எண்ணை எழுதி வைப்பதைவிட டிரம்மின் மட்டத்தை எழுதி வைப்பது எவ்வளவோ மேல். நீர் மீட்டர்களுக்கும் இதே சோதனை பொருந்தும். உள்ளே 30, சுத்த நீர் 20, ரிஜெக்ட் (உப்போடு வெளியேறும் கழிவுநீர்) 13 என்றால் ஏதோ ஒரு மீட்டர் பொய் சொல்கிறது.

எக்செல்லின் ஆபத்து, முதல் கட்டத்தில் ஒரு எண்ணை இட்டுக் கீழே இழுத்தால் மாதம் முழுவதும் நிரம்பிவிடுவதுதான். ஆடாத எண்ணைக் கண்டால் நான் சந்தேகப்படுவேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் குடிநீரில் ஈ.கோலை பாக்டீரியா கலந்து 7 பேர் இறந்தார்கள்; ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள். நீதிபதி டென்னிஸ் ஓ'கானரின் விசாரணையில் வெளிவந்தவற்றில் குளோரின் பதிவேடும் ஒன்று. அளக்காமலேயே 0.5 அல்லது 0.75 என்று எழுதுவது அங்கே ஆண்டுக்கணக்காக வழக்கமாக இருந்திருக்கிறது. உண்மையில் அளப்பவர் கையில் எண் 0.4, 0.6, 0.3 என்று அலையும்.

செயலி இதைத் தடுக்கும் என்று நம்பித்தான் வாங்கினோம். தடுத்தது, ஓரளவு. மீட்டரின் படத்தை எடுத்தே ஆக வேண்டும். தவறிய அளவீடு மறுநாள் காலையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். இரண்டுமே அருமை. ஆனால் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணை அது ஏற்காது. சிவப்பு எழுத்தில் 'தவறான மதிப்பு' என்று திருப்பி அனுப்பும். பாய்லர் டி.டி.எஸ்.ஸுக்கு நாங்கள் வைத்திருக்கும் வரம்பு 3,500. அளவு 3,900 வந்தால் ஆபரேட்டர் என்ன செய்வார்? 3,450 என்று தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். பதிவேடு தேவைப்படுவதே அந்த 3,900க்காகத்தானே! கேட்டுக் கேட்டு, ஒரு வழியாக அந்தப் பூட்டை எடுத்துக் கொடுத்தார்கள்.

குறிப்பு எழுதும் இடத்தில் 'சரி', 'பழுது', 'பிற' என்று மூன்றே தேர்வுகள் இருப்பதை இன்னும் மாற்றவில்லை. 'கிணறு மாற்றினோம், தண்ணீர் கலங்கல்', 'பம்ப்பில் புதுச் சத்தம்' என்ற கோணல் எழுத்துக் குறிப்புகளிலிருந்துதான் நான் பாதிக் கோளாறுகளைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

ரசாயனம் விற்பவர்கள் தரும் மாதாந்தர அறிக்கையைப் பற்றியும் ஒரு சொல். வண்ண அட்டை, கடைசியில் 'அனைத்தும் வரம்புக்குள்' என்ற வரி. போன மாத எண் இருக்காது, யார் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதும் இருக்காது. இப்போது ஒரே பக்கம் போதும் என்று கேட்கிறோம்: எண், வரம்பு, முந்தைய மூன்று மாதம், செய்ய வேண்டியது, செய்பவர் பெயர், தேதி.

இப்போதைய ஏற்பாடு: மீட்டர் அருகே லாக் புக், வாரம் ஒருமுறை எக்செல், குறுக்குச் சோதனைக்கு ஷிப்டுக்கு ஒரு படம். படத்துக்குச் செயலி தேவையில்லை, சாதாரண வாட்ஸ்அப் குழுவே போதும். ஐந்து நிலையங்களை ஒரே இடத்திலிருந்து பார்ப்பவருக்குச் செயலி பயன்படலாம். வாங்குமுன் எல்லாத் தரவையும் நீங்களே இறக்கிக்கொள்ள முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் இந்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. அந்தப் பணத்தில் நுழைவுக் குழாய்க்கு ஒரு நல்ல வெப்பமானியும் ரிஜெக்ட் குழாய்க்கு ஒரு புது மீட்டரும் வாங்கியிருக்கிறோம்.