மூட்டைச் சுண்ணாம்பு: திருப்பணி வேலைக்கு ஆகுமா?

கோயில் திருப்பணி, பழைய கட்டடப் பராமரிப்பு என்று தொழிலுக்கு வரும் சிவில் டிப்ளமோக்காரர்கள் முதலில் வாங்குவது ஹார்டுவேர் கடையில் மூட்டையாக விற்கும் ஹைட்ரேட்டட் லைம் தூளைத்தான். ஏற்கெனவே நீறியது என்பதால் நாம் நீற்ற (தண்ணீர் விட்டுப் பொங்கவைக்க) வேண்டாம், கை வேகாது. வெள்ளையடிக்கப் போதும். காரை (சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த கலவை) பூச என்றால் பெரும்பாலான மூட்டைகளை நம்ப முடியாது.

நீறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் திரும்பவும் சுண்ணாம்புக்கல் தூளாகிவிடும். நாள்பட்ட சாக்கு பாதி செத்த சரக்கு. ஒரு சிட்டிகைத் தூளில் நீர்த்த ஆசிட் சொட்டு விடுங்கள். நன்றாகப் பொங்கி நுரைத்தால் வாங்காதீர்கள். மூட்டையில் ஐ.எஸ். 712 (கட்டடச் சுண்ணாம்புக்கான இந்தியத் தர நிர்ணயம்), 'சி' வகுப்பு என்று அச்சிட்டிருக்க வேண்டும். மேற்பூச்சுக்கும் வெள்ளையடிக்கும் உரியது அதுதான்.

புதிதாகச் சுட்ட கட்டிச் சுண்ணாம்பு கிடைத்தால் அதையே எடுங்கள். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கட்டி. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்கும்படி ஒரு மாதமாவது ஊறப் போடுங்கள். சரியாக நீறாத கட்டி சல்லடையைத் தப்பிக் கலவைக்குள் போனால், பூசிய பிறகு நீறி ஊதி, சுவரில் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் பொரிந்து உதிரும்.

சுண்ணாம்பு 1, மணல் 3. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை அளவாகச் சேருங்கள். மிஞ்சினால் பூஞ்சணம் பூக்கும். ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

நம்ம பக்கம் காரையைக் கெடுப்பது பெரும்பாலும் ஆனி, ஆடிக் காற்று. சுண்ணாம்பு இறுக ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஈரத்தை உறிஞ்சிவிட்டால் விரலால் தேய்த்தாலே மாவாகக் கொட்டும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காப்பாற்றுங்கள். முடிந்தால் அந்த இரண்டு மாதமும் வெளிச்சுவரைத் தொடாதீர்கள்.

"பிடிப்புக்கு ஒரு சட்டி சிமெண்ட் போட்டுக்கிடுவோம்" என்பார் கொத்தனார். விடாதீர்கள். சிமெண்ட் பூச்சுக்குப் பின்னால் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். அதிலுள்ள உப்பு படிகமாகிப் பழைய செங்கலையே பொடியாக்கும்.

சுதை வேலையில் (சுண்ணாம்புச் சாந்தால் உருவங்கள் செய்வதில்) ஆர்வமுள்ளவர்களுக்கு 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. ஆனால் எந்தப் படிப்பானாலும், ஊறிய சுண்ணாம்பைக் கரண்டியில் எடுத்துப் பதம் சொல்லத் தெரியாதவரைச் சாரத்தில் ஏற்றக் கூடாது.

மூட்டைக்கு எங்கள் மதிப்பெண்: வெள்ளையடிக்க 5-க்கு 4, காரைக்கு 1.