அட்டைப்பெட்டி தொழிலுக்கு உதவும் எஃப்ஏஓஸ்டாட் தளம்

மார்த்தாண்டத்தில் தேன் பாட்டிலுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறேன். அட்டை விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று தேடப்போய்த்தான் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் இந்தத் தளம் கிடைத்தது. 1961 முதல் எந்த நாடு எத்தனை டன் தாளும் அட்டையும் ஏற்றுமதி செய்தது என்று காசில்லாமல் பார்க்கலாம். ரொம்பப் பெரிய விஷயம் இது.

பின்லாந்தையும் இந்தோனேசியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பின்லாந்து பல பத்தாண்டுகளாக உயரத்திலேயே இருந்து, 2000-களின் நடுவுக்கு அப்புறம், மக்கள் செய்தியை இணையத்தில் படிக்க ஆரம்பித்ததும் இறங்குகிறது. 2020இல் அங்கே கைபோலா காகித ஆலையையே மூடிவிட்டார்கள். 1980-களில் தரையோடு கிடந்த இந்தோனேசியாவோ அதற்கடுத்த பத்தாண்டில் விறுவிறுவென ஏறுகிறது. காகிதக் கூழுக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் வளர்க்கும் அக்கேசியா மரத்தை ஐந்தாறு ஆண்டில் வெட்டலாம், பின்லாந்தின் ஸ்புரூஸ் மரத்துக்கு அறுபது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும், நம்ம ஊரில் ரப்பர் வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டெனப் புரியும்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். ‘ஏ’ (A) என்றால் அதிகாரபூர்வ எண், ‘இ’ (E) என்றால் மதிப்பீடு. அதைப் பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். டாலர் மதிப்பு அந்தந்த ஆண்டு விலையில் இருப்பதால் டன் கணக்கையே எடுங்கள்.