நிக்கல், பிளாட்டினம், இரிடியம்: உங்கள் இன்ஜினுக்கு எந்த பிளக்?

இன்ஜினில் பொறி கொடுத்து எரிபொருளைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். எல்லோரும் சொல்லும் 'காப்பர் பிளக்'கில் தாமிரம் உள்ளேதான் இருக்கிறது. நடுத்தண்டுக்குள் இருந்து சூட்டைக் கடத்துவது அதன் வேலை. பொறி பறக்கும் முனை நிக்கல் கலவை, அதுதான் நிக்கல் பிளக். இரிடியம் பிளக் பலவற்றிலும் உள்ளே இதே தாமிரம் உண்டு. ஆக, வித்தியாசமெல்லாம் முனையில்தான்.

நிக்கல் முனை சுமார் 2.5 மி.மீ. தடிமன். இரிடியம் முனை 0.4 முதல் 0.7 மி.மீ. வரை, ஊசி போல இருக்கும். முனை மெலிய மெலிய, பொறி பாயத் தேவைப்படும் வோல்டேஜும் குறையும். அவ்வளவு மெல்லியது எப்படித் தேயாமல் நிற்கிறது? இரிடியம் உருக 2,446 டிகிரி செல்சியஸ் வேண்டும். நிக்கலுக்கு 1,455 போதும். பிளாட்டினம் நடுவில், 1,768.

நன்றாக ஓடிய நிக்கல் பிளக் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புதிதில் வெட்டியது போல இருந்த விளிம்பு மழுங்கி உருண்டிருக்கும். நடுமுனைக்கும் பக்கவாட்டு முனைக்கும் இடையே 0.8 மி.மீ. இருந்த கேப்பில், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் 1 மி.மீ. அளவிலேயே தடையில்லாமல் நுழையும். அந்த அகன்ற இடைவெளியைத் தாண்ட, பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயில் (coil) கூடுதல் வோல்டேஜ் கொடுத்தாக வேண்டும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சிலிண்டரில் அழுத்தம் ஏறும், பொறி திணறும், இன்ஜின் மிஸ் ஆகும். அப்படியே ஓட்டினால் நல்ல காயிலும் வீணாகிவிடும். அதனால் நிக்கலை 30,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடச் சொல்வேன். இரிடியம் பல இன்ஜின்களில் 1,00,000 வரை போகும்.

பிளாட்டினத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் அமைப்பில், ஒரு பிளக்கில் மின்சாரம் தலைகீழாகப் பாயும். அங்கே பக்கவாட்டு முனைதான் அதிகம் தேயும். நடுமுனையில் மட்டும் பிளாட்டினம் வைத்த பிளக் அதற்குச் சரிவராது. இரு முனையிலும் வைத்ததுதான் வேண்டும்.

கார் கையேடு நிக்கல் என்று சொல்லி, பிளக்கும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால், நிக்கலே தாராளமாகப் போதும். பிளக்கைத் தொட, சிலிண்டர்களுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டிய இன்ஜினில் இரிடியம்தான் போடுவேன். கையேடு இரிடியம் கேட்டால் நிக்கலுக்கு இறங்க வேண்டாம். எதைப் போட்டாலும் ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் சூட்டை வெளியே கடத்தும் திறனின் அளவு, மட்டும் மாறக் கூடாது.

இரிடியத்தில் கேப் சரிசெய்கிறேன் என்று நடுமுனையில் கேஜை ஊன்றி நெம்பாதீர்கள், ஒடிந்துவிடும். மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிளக் குழியில் இருக்கும் தூசியை முதலில் ஊதிவிட்டு, மரை பிடிக்கும்வரை கையாலேயே திருகுங்கள். அப்புறம் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கினால் போதும். அலுமினிய ஹெட்டில் மரை போனால் பெரிய வேலை.

புது பிளக் போட்டும் மிஸ் நிற்கவில்லையா? தனித்தனிக் காயில் உள்ள இன்ஜினில், மிஸ் ஆகும் சிலிண்டரின் காயிலைக் கழற்றி அடுத்த சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். மிஸ்ஸும் கூடவே இடம் மாறினால் கோளாறு காயிலில்.