பத்தாயிரம் ரூபாய் ஏழு நாள் எங்கே இருந்தது?

மாயவரத்தில் இந்த முறை 16 நாள். விமானம், கார், அத்தை வீட்டு மாடி அறை எல்லாம் ஒழுங்காக அமைந்தன, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுதவேண்டியது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏ.டி.எம். தராமல் போன 10,000 ரூபாயைப் பற்றி.

மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசிய கொத்தனாருக்குக் கூலி கொடுக்கவேண்டும். அவர் ரொக்கம்தான் வாங்குவார். வெளிநாட்டில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் ஊரில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்குக்கு என்.ஆர்.ஓ. என்று பேர். என்னுடையது ஒரு வங்கியில், பக்கத்தில் இருந்த மெஷின் வேறொரு வங்கியுடையது. கார்டைச் செருகினேன், எண்ணைத் தட்டினேன். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கூடக் கேட்டது. அப்புறம் சத்தம் நின்றது. திரையில் ஏதோ மன்னிப்பு, கார்டு மட்டும் வெளியே வந்தது. நோட்டு இல்லை, சீட்டு இல்லை. ஆனால் சட்டைப்பையில் இருந்த என் சிங்கப்பூர் நம்பருக்கு, கணக்கில் 10,000 பற்று வைக்கப்பட்டதாக எஸ்.எம்.எஸ். மட்டும் உடனே வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் நம்மூர் வேகத்தை யாராலும் மிஞ்ச முடியாது.

வாசலில் இருந்த வாட்ச்மேன், "ரெண்டு நாள்ல தானா வந்துடும் சார், பயப்படாதீங்க" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு இதைச் சொல்கிறாரோ, பாட்டு மாதிரி வந்தது.

நானும் பயப்படவில்லை. சிங்கப்பூரில் இருபது வருஷமாக இருப்பவன், பெண்டிங் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? அங்கே ஆப்பைத் திறந்தால் முடிந்த கணக்கு ஒரு பக்கம், முடியாதது சாம்பல் நிறத்தில் தனியாக. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கார்டைத் தட்டினால் கட்டணம் சில நாள் சேர்ந்து மொத்தமாக வந்து விழும். கடைக்காரர் கேட்டு வாங்காத தொகை சில நாளில் தானாக உதிர்ந்துவிடும். இதுவும் அப்படித்தான் உதிரும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, வங்கி கிடையாது. அதற்கடுத்து ஞாயிறு. இரண்டு நாளும் ஆப்பைத் திறந்து திறந்து பார்த்தேன். சாம்பல் நிறம் எதுவும் இல்லை. 10,000 கழிந்த புது இருப்பு, ஒன்றுமே நடக்காத மாதிரி அழுத்தமான கறுப்பில் நின்றது.

அத்தை ஓய்வுபெற்ற டீச்சர். பென்ஷன் வந்ததும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் என்ட்ரி போட்டுவிட்டு வருவதை இன்னும் விடவில்லை. "நோட்டுல ஏறியிருக்கா, இல்லையா? அதைச் சொல்லு" என்றார். சின்ன வயதில் அவருடன் வங்கிக்குப் போயிருக்கிறேன். ஸ்லிப்பைக் கொடுத்தால் பித்தளை டோக்கன் தருவார்கள், நூலில் கட்டிய பேனா மேஜையோடு கிடக்கும், குமாஸ்தா தலையணை கனத்தில் இருந்த லெட்ஜரைப் புரட்டிக் கையால் எழுதுவார். எழுதி, மேலே ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கூண்டுக்குள் இருந்து பணம் வரும். டோக்கன் கையில் இருக்கும் வரை பணம் அவர்களிடம், டோக்கன் போய்விட்டால் பணம் நம்மிடம். நடுவில் ஓர் இடமே கிடையாது.

திங்கட்கிழமை முதலில் அந்த மெஷின்காரர் வங்கிக்குப் போனேன். "கார்டு எந்த பேங்க்? அங்கே போய்ச் சொல்லுங்க" என்றார்கள். எரிச்சலாக வந்தது, ஆனால் முறை அதுதானாம். மெஷின் யாருடையதாக இருந்தாலும் புகாரைக் கார்டு கொடுத்த வங்கிதான் வாங்கவேண்டும். ஆட்டோ பிடித்து என் கிளைக்குப் போனேன். நாற்பது நிமிஷம் நின்றபின், அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த ஓர் இளம் அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். இந்தப் பயணத்தில் நான் சந்தித்த ஒரே பொறுமைசாலி.

"பெண்டிங்கில் இருக்கிறது, எப்போது ரிலீஸ் ஆகும்?" என்று கேட்டேன்.

"இது பெண்டிங் இல்ல சார். ஹோட்டல்ல ரூம் போடும்போது கார்டுல ஒரு தொகையைப் பிடிச்சு வைப்பாங்க இல்லையா, அதுதான் பெண்டிங். அந்தப் பணம் உங்க கணக்கை விட்டு வெளியே போகாது, உங்களால தொட முடியாது, அவ்வளவுதான். இது வெளியே போயிடுச்சு. திரும்பி வரணும்."

இருபது வருஷ சிங்கப்பூர் ஞானம் ஒரே நிமிஷத்தில் கரைந்தது.

நோட்டு எண்ணும் முன்பே மெஷின் என் வங்கியிடம் அனுமதி கேட்கிறது. வங்கி சரி என்றதும் பற்று விழுந்துவிடுகிறது. பிறகு மெஷின் சிக்கிக்கொண்டால், பணம் தரவில்லை, திருப்பி ஏற்றுங்கள் என்று அதுவே சொல்லி அனுப்பவேண்டும். அந்தச் செய்தி வந்து சேராவிட்டால், மெஷினில் பணத்தை எண்ணிப் பார்த்து, அதன் பதிவோடு ஒப்பிட்டு, 10,000 அதிகம் இருக்கிறது என்று அந்த வங்கி ஒப்புக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டியதுதான். வாட்ச்மேன் சொன்ன ரெண்டு நாள் இதில் எங்கே வருகிறது என்று அவரைத்தான் கேட்கவேண்டும்.

புகாரைப் பதிந்து எண் கொடுத்தார். போகிற போக்கில், "அஞ்சு நாள் தாண்டினா தினம் நூறு ரூபாய் சேர்த்துத் தரணும் சார், ரிசர்வ் வங்கி ரூல்" என்றார். நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் உண்மை. 2019 செப்டம்பரில் போட்ட சுற்றறிக்கை. ஏ.டி.எம். பணம் தராமல் பற்று வைத்தால், அந்த நாள் கழித்து ஐந்து நாளுக்குள் திருப்பவேண்டும். லீவு நாளும் கணக்கில் சேர்த்தி. தவறினால் நாளுக்கு 100 ரூபாய், வாடிக்கையாளர் கேட்காமலே. வெளிநாட்டுக் கார்டைச் செருகியிருந்தால் இந்த ரூல் என்னைக் காப்பாற்றியிருக்காது, இது உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும்.

கிளையில் அந்த அதிகாரி திரையை என் பக்கம் திருப்பியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டிருந்தது. ஆப்பில் பெரிய எழுத்தில் நான் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்த தொகை லெட்ஜர் இருப்பு, அதாவது இன்னும் கைக்கு வராததையும் சேர்த்து எழுதிய கணக்கு. எடுக்கக்கூடிய இருப்பு அதைவிட 42,500 குறைவு. நிலத்துக் குத்தகைக்கு வந்த செக் இன்னும் பணமாகாமல் கிளியரிங்கில் இருந்தது. அதை நம்பி அன்றைக்கே கொத்தனாரின் பாக்கியையும் பெயிண்டரின் முன்பணத்தையும் செக்காக எழுத நினைத்திருந்தேன். எழுதியிருந்தால் செக் திரும்பி, அபராதமும் கட்டி, ஊரில் பேரும் கெட்டிருக்கும். தொட முடியாத பணத்தைக் கொட்டை எழுத்திலும் தொட முடிந்ததைப் பொடி எழுத்திலும் போடும் அந்த ஆப்பை வடிவமைத்த புண்ணியவானை ஒருநாள் பார்க்கவேண்டும்.

அத்தையின் பேரன் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தான். "ரொக்கத்துக்கு ஏன் மாமா அலையறீங்க? சிங்கப்பூர் நம்பரிலேயே யு.பி.ஐ. போடலாமே." 2023இலிருந்து என்.ஆர்.ஓ. கணக்குக்கு அந்த வசதி உண்டு, எனக்குத்தான் தெரியவில்லை. அதிலும் பெண்டிங் உண்டு என்று அவனே சொன்னான். மஞ்சளாக நின்றால் இன்னொரு தடவை அனுப்பக்கூடாது, இரண்டும் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு ஆளுக்கு அனுப்பியது அவருக்குச் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் திரும்பவேண்டும், கடைக்குக் கட்டியது என்றால் ஐந்து நாள். பிளஸ் டூ படிக்கும் பையன் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறான்.

புதன்கிழமை ஐந்தாவது நாள். வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் 10,000 வரவு. சனிக்கிழமை காலை, யாரும் கேட்காமல், 200 ரூபாய். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, சம்பளம் ஏறினபோது கூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை. அத்தை சும்மா இருப்பாரா? திங்கட்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய் என்ட்ரி போடும் மெஷினில் என் பாஸ்புக்கைப் போடவைத்தார். மூன்று வரி: பற்று 10,000, வரவு 10,000, வரவு 200. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலால் தடவிப் படித்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.

இதற்குள் ஒன்றை மறந்துவிட்டேன். வந்த இரவு திருச்சி ஹோட்டலில் என் சிங்கப்பூர் டெபிட் கார்டைத் தேய்த்து ஒரு தொகையைப் பிடித்து வைத்திருந்தார்கள். காலையில் ரூபாயாகக் கட்டிவிட்டுக் கிளம்பினேன். பிடித்ததை விடுவிக்கச் சொல்ல அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் அவ்வளவு மெச்சிய அந்த ஆப்பில், விமானம் ஏறும் நாள் வரை அது சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றது. சிங்கப்பூர் வங்கியைக் கூப்பிட்டுக் கேட்டால், ஹோட்டல்தான் விடவேண்டும் அல்லது கெடு முடியவேண்டும், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று மிக இனிமையான குரலில் சொன்னார்கள். நூறு டாலர் கூட வேண்டாம், ஒரு டாலராவது தருவார்களா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

சிங்கப்பூர் வந்து சேர்ந்த நாலாம் நாள் பார்த்தால் அந்த வரியே இல்லை. எடுக்கக்கூடிய இருப்பு மட்டும் அந்த அளவுக்கு ஏறியிருந்தது. அத்தையிடம் போனில் சொன்னேன்.

"வந்துடுச்சுங்கறே, சரி. வந்ததுக்கு எழுத்து இருக்கா?"

"இல்லை அத்தை."

"அப்ப போனதுக்கு?"

"அதுவும் இப்போது இல்லை."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துக்கோப்பா" என்றார்.