சைக்கிள், மலையேற்றம், கயாக் ஒரே பேக்கேஜில்: ஒகேனக்கல், அஞ்செட்டி பக்கம் முன்பணம் கட்டப் போகிறவர்களுக்கு

ஓசூரில் கிளம்பி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் வரை சைக்கிள். நடுவில் மேலகிரிக் காட்டுக்குள் மலையேற்றம். கடைசி நாள் காவிரியில் கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டுகிற சின்னப் படகு. மூன்று நாள், இரண்டு இரவு டென்ட், சாப்பாடு சேர்த்து ஒரே தொகை. ஜூலை மாதம் இந்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிய ஒரு குழுவுக்குக் கிடைத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேய்ந்த பிரேக்கோடு சைக்கிள் கொடுத்தார்கள். மலைப்பாதை இறக்கத்தில் ஒரு சைக்கிளின் பிரேக் கேபிள் அறுந்தது, ஓட்டியவர் சாலையோர மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியதால் சிராய்ப்போடு போயிற்று. மலையேற்றம் வனத்துறைச் சோதனைச் சாவடியோடு முடிந்தது. ஒகேனக்கலில் வெள்ளம், பரிசலுக்கே தடை. கயாக்குக்குப் பதிலாக, திரும்பும் வழியில் கெலவரப்பள்ளி அணைக் கரையில், நுரை மிதக்கும் தண்ணீரில் ரப்பர் படகை இறக்கிப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "இயற்கைச் சீற்றம் சார், நாங்க என்ன பண்ண முடியும்" என்று பதில்.

இயற்கைச் சீற்றம் என்பது சுத்தப் பொய். அந்த வாரம் முழுவதும் நீர்வரத்து செய்தியில் வந்துகொண்டிருந்தது. மீதிப் பணத்தை வாங்கிய அன்றைக்கே தடை அமலில் இருந்தது.

இந்த மாதிரிப் பேக்கேஜில் மூன்று வேலை இருக்கிறது. மூன்றுக்கும் அனுமதி தருகிற இடம் வேறு வேறு. காட்டுக்கு வனத்துறை. ஆற்றுக்கு மாவட்ட நிர்வாகம், அணை நீர்த்தேக்கம் என்றால் நீர்வளத்துறை. கூட வருகிற வண்டிக்குப் போக்குவரத்துத் துறை. "பர்மிஷன் எல்லாம் லோக்கல்ல பேசிட்டோம்" என்று மூன்றையும் ஒரே வரியில் முடிக்கிறவரிடம் மூன்றில் ஒன்றும் இருக்காது. எந்த அலுவலகம், என்ன தேதி, எத்தனை பேருக்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதில் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வரட்டும்.

முதலில் ஆறு. ஒகேனக்கலில் நிலவரத்தைத் தீர்மானிப்பது உள்ளூர் மழை மட்டும் அல்ல. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பித் திறந்துவிட்டால், ஒன்றிரண்டு நாளில் அந்தத் தண்ணீர் இங்கே வந்துவிடும். எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிற கனஅடிக் கணக்கு தினமும் செய்தியில் வருகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, இந்த எண் ஒரே இரவில் பல மடங்கு ஏறும். 2018 ஆகஸ்டிலும் 2024 ஜூலை கடைசியிலும் ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது. தண்ணீர் ஏறினால் மாவட்ட ஆட்சியர் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடுவார். அப்படிப்பட்ட மாதத்தில் தேதி குறித்து "காவிரியில் கயாக்" என்று விற்பவர், தடை வந்தால் முழுப் பணமும் திரும்பும் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். எழுதித் தர மாட்டேன் என்றால், தடை வரும் என்று அவருக்கே தெரியும்.

தண்ணீர் குறைவாக இருக்கிற மாதத்திலும் அங்கே கயாக் எளிதல்ல. அருவிப் பகுதியில் பாறை இடுக்குகளுக்குள் நீர் சுழித்துப் போகும். மேலே அமைதியாகத் தெரிகிற இடத்தில் அடியில் இழுவை இருக்கும். ஆற்றில் முதலை உண்டு. ஒகேனக்கலிலேயே வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கே நடைமுறையில் இருப்பது பரிசல். உரிமம் பெற்ற ஓட்டிகள், லைஃப் ஜாக்கெட் கட்டாயம், கவுண்டரில் கட்டணம். பேக்கேஜ்காரர் கயாக் என்று விலை சொல்லிவிட்டு இந்தப் பரிசலில் ஏற்றி, கட்டணத்தைப் போல மூன்று நான்கு மடங்கைக் கணக்கில் எழுதுவது இங்கே பழைய வித்தை. பரிசல் சவாரி அருமையானதுதான், அதற்கு நேரே கவுண்டரில் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாமே.

மாற்று இடம் என்று காட்டுகிற அணைகளைப் பற்றி. கெலவரப்பள்ளியில் தேங்குவது பெங்களூருவின் கழிவு கலந்து வருகிற தென்பெண்ணை. மழைக்காலத்தில் நுரை மலைபோல் பொங்குவதை எல்லாரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். விளம்பரப் படத்தில் அதே இடம் சூரிய உதயத்தில் பளிங்குபோல் இருக்கும், நாற்றம் படத்தில் வராது. கயாக்கில் உட்கார்ந்தால் துடுப்பிலிருந்து வழிகிற தண்ணீர் கை, மடி, முகம் எல்லாம் படும். கவிழ்ந்தால் வாய்க்குள்ளும் போகும். அந்தத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். மற்ற அணைகளில் மதகுப் பக்கம் போகக் கூடாது, மீன் வலை கட்டியிருக்கிற பக்கமும் கூடாது. நைலான் வலை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. காலில் சுற்றினால் நீச்சல் தெரிந்தவரும் மாட்டிக்கொள்வார்.

கயாக் என்று எதைத் தருகிறார்கள் என்பதையும் பாருங்கள். காற்றடிக்கிற படகு என்றால் குறைந்தது மூன்று தனித்தனிக் காற்றறை இருக்க வேண்டும். ஒரே அறை உள்ளது குளத்து விளையாட்டுப் பொருள். ஒரு முள் குத்தினால் கதை முடிந்தது. பிளாஸ்டிக் கயாக் என்றால் பின்பக்கம் இருக்கிற வடிகால் மூடியைத் திருகிப் பாருங்கள். மூடி இல்லாமலோ வாஷர் போயோ இருந்தால் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏறும், அரை மணி நேரத்தில் படகு ஒரு பக்கம் சாயத் தொடங்கும், ஓட்டுபவர் தன் சமநிலைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி எல்லாப் பட்டையையும் இறுக்கியபின், இன்னொருவரை இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது. தண்ணீரில் தலைக்கு மேலே கழன்றுவிடும். உள்ளே இருக்கிற ஃபோமை அழுத்தினால் உடனே எழும்ப வேண்டும். பலகைபோல் கெட்டியாகவோ, அழுத்திய குழி அப்படியே நின்றாலோ அது மிதக்கும் சக்தியை இழந்த பழைய சரக்கு. லேபிளில் மிதக்கும் விசை 50 நியூட்டன் என்று போட்டிருந்தால் நீச்சல் தெரிந்தவருக்கு, அமைதியான நீரில் மட்டும். தெரியாதவருக்கு 100 நியூட்டன் வேண்டும்.

கரையில் கால் மணி நேரமாவது பாடம் நடக்க வேண்டும்: கவிழ்ந்தால் படகை விடாமல் பிடிப்பது, திரும்ப ஏறுவது, ஓடும் நீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி மிதப்பது. ஆழம் குறைவு என்று எழுந்து நிற்கவே கூடாது. கால் பாறை இடுக்கில் சிக்கினால் நீர் ஆளை மடக்கி அமுக்கிவிடும். வழிகாட்டியிடம் விசில், கத்தி, 15 முதல் 20 மீட்டர் வீசும் கயிற்றுப் பை மூன்றும் இருக்க வேண்டும். கையில் செல்போன் மட்டும் இருந்தால் அவர் படம் எடுக்க வந்தவர்.

காட்டுப் பக்கம் வருவோம். இந்த மலைகளில் பெரும்பகுதி இன்று சரணாலயம். 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே கால் வைப்பதே குற்றம். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டி வந்து "இவர் மாடு மேய்க்கிற பாதைதான்" என்று சொன்னால் அது அனுமதி ஆகாது. மேய்க்கிறவர் வீட்டுக்குப் போய்விடுவார், வழக்கு உங்கள் பெயரில். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. அதற்கு முன் நடந்த கதையை இப்போது சொல்லி ஆள் சேர்க்கிறார்கள்.

சட்டப்படி நடக்க வழி இல்லாமலும் இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் உண்டு, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் சிகரமும் அதில் ஒன்று. ஆன்லைனில் உங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி வருவார். குத்திராயன் கடினமான ஏற்றம், முதல் தடவை நடப்பவர்களுக்கு அல்ல. காட்டுத் தீ பயம் உள்ள கோடையில், பிப்ரவரி நடுவிலிருந்து பாதைகளை மூடுவார்கள். அந்த மாதங்களில் "ஸ்பெஷல் பர்மிஷன்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடலாம்.

யானை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேழ்வரகு முற்றுகிற பருவத்தில், அக்டோபரிலிருந்து தை மாசி வரை, கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் சுற்றுப்புறத்துக்கு இறங்கும். அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகிற சாலையும் காட்டுக்குள்தான் போகிறது, வழியில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. பைக்கில் போகிறவர் சத்தம் கேட்டாவது யானை விலகும். சைக்கிள் ஓசையில்லாமல் போய் வளைவில் நேருக்கு நேர் நிறுத்திவிடும். நன்றாக விடிந்த பிறகு காட்டுச் சாலையில் ஏறி, மாலை 4 மணிக்குள் வெளியேறுகிற மாதிரித் திட்டம் இருக்க வேண்டும். "சன்ரைஸ் ரைடு", "நைட் ரைடு" என்று போட்டிருந்தால் அந்த நிறுவனத்துக்கு இந்தச் சாலையே தெரியாது. டென்ட் அடிக்கிற இடம் பட்டா நிலமா என்று சர்வே எண் கேளுங்கள். காட்டோரம் புறம்போக்கில் சமைத்து மிச்சத்தைக் கொட்டுவது யானைக்குப் பந்தி வைப்பதுதான்.

சைக்கிளை வாங்கிய இடத்திலேயே பத்து நிமிடம் பார்த்துவிடுங்கள், கிளம்பிய பின் பேசிப் பயனில்லை. பிரேக் லீவரை முழுக்க அழுத்தினால் கைப்பிடியைத் தொடக் கூடாது. ரிம் பிரேக் என்றால் ரப்பர் கட்டையில் வரிப் பள்ளம் தெரிய வேண்டும், வழுவழு என்றிருந்தால் தேய்ந்தது. டிஸ்க் பிரேக் என்றால் உரசுகிற பேடின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். லீவருக்குள் நுழைகிற இடத்தில் கேபிள் இழை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குழுவின் சைக்கிளில் அறுந்தது அங்கேதான், ஒவ்வொரு இழையாகப் போய்க் கடைசி இழை இறக்கத்தில் போனது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, ரிம் ஆடிப் பிரேக்கை உரசுகிறதா பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி பெடலில் எடையை வைத்து அழுத்தினால் செயின் நழுவக் கூடாது. நழுவினால் பல்சக்கரம் தேய்ந்தது, ஏற்றத்தில் காலை வாரும். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் முழங்கால் நேராக வேண்டும், அதுதான் சீட்டின் உயரம்.

பஞ்சர் இந்தப் பக்கம் நிச்சயம். சீமைக் கருவேல முள் சாலையோரமெல்லாம் கிடக்கிறது. உங்கள் சக்கர அளவுக்கு ஆளுக்கு ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், பம்ப் கொண்டுவருகிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். சின்ன ஊர்க் கடையில் 27.5, 29 அங்குல டியூப் கிடைப்பது அரிது. மெல்லிய வால்வு உள்ள டியூப் என்றால் பஞ்சர் கடைக் காற்றுக் குழாய் அதில் பொருந்தாது, சின்னப் பித்தளை அடாப்டர் இல்லாமல் மணிக்கணக்கில் நிற்க நேரும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்குகிற மலைப்பாதையில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடித்து, இடையில் ஓரிரு தடவை நிறுத்தி ஆறவிட வேண்டும். ஒரு விஷயம்: தர்மபுரி-சேலம் நெடுஞ்சாலையில் இருக்கிற தொப்பூர் கணவாயை சைக்கிளில் இறங்குவதாக எந்தத் திட்டத்தில் இருந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். லாரிகள் பிரேக் பிடிக்காமல் உருள்கிற இடம் அது.

கூட வருகிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகைக்கு ஓடுவது மஞ்சள் போர்டாக இருக்க வேண்டும். வெள்ளை போர்டு சொந்த வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றினால், விபத்தில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க நல்ல காரணம் கிடைத்துவிடும். "இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொன்னால் பாலிசி நகலைக் கேட்டு, சாகச விளையாட்டு விலக்கு என்ற வரி இருக்கிறதா என்று படியுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

பணம் கட்டும்போது: ரசீதில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் 15 எழுத்து எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்றும் கர்நாடகப் பதிவு 29 என்றும் தொடங்கும். எண்ணே இல்லாமல் வரி மட்டும் வசூலித்தால் அங்கேயே நின்றுவிடலாம். தனிநபர் பெயரில் வருகிற யுபிஐக்கு முழுத் தொகை அனுப்பாதீர்கள். கிளம்பும் அன்று காலையில் நீட்டுகிற "என்ன ஆனாலும் நிறுவனம் பொறுப்பல்ல" படிவத்தை முதல் தடவை போனில் பேசும்போதே அனுப்பச் சொல்லுங்கள். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் அவர்களுடைய அலட்சியத்துக்கு நீங்கள் கேள்வியே கேட்க முடியாது என்பதில்லை.

ஏமாந்துவிட்டால், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய தேதி, அந்தத் தேதிக்கு முந்தைய பரிசல் தடைச் செய்தி, சைக்கிளின் படம் நான்கையும் சேர்த்து முதலில் எழுத்தில் பணம் கேளுங்கள். பிறகு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் பெங்களூருவில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஆளே வராமல் போனை அணைத்துவிட்டார்கள் என்றால் அது வேறு கணக்கு. உடனே, அன்றைக்கே, 1930 சைபர் குற்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதமானால் தொகை அடுத்த கணக்குக்குப் போய்விடும்.