பஸ்ஸா, வாட்ஸ்அப்பா, ஊர் பி.எச்.சி.யா: ட்யூபில் சாப்பிடும் பிள்ளையை எங்கே காட்டுவது?

என் மகனுக்கு எட்டு வயது. மூளை முடக்குவாதம், வலிப்பு. வயிற்றில் போட்ட ட்யூப் வழியாகத்தான் பாலும் கஞ்சியும் போகும். சாதாரணச் சளி பிடித்தால்கூட எங்கே காட்டுவது என்று வீட்டில் கூட்டம் போட்டுத்தான் முடிவெடுப்போம். பென்னாகரம் பக்கம் இருந்துகொண்டு இதுவரை நான்கு வழிகளையும் பார்த்துவிட்டோம்.

முதலாவது, சேலம் ஆஸ்பத்திரிக்கு நேரில் போவது. விடியற்காலை கிளம்பி இரண்டு பஸ். சக்கர நாற்காலியை ஏற்ற முடியாது, முழு வழியும் மடியில்தான். பத்து மணிப் பாலை ஓ.பி. வரிசையில் நின்றபடி ட்யூபில் ஊற்றும்போது சுற்றியிருப்பவர்கள் பார்க்கும் பார்வை பழகிவிட்டது. பக்கத்துப் பிள்ளையின் இருமல் மட்டும் பழகவில்லை. சளி இல்லாமல் போய் சளியோடு திரும்பிய பயணங்கள் உண்டு. ஆனால் ஒருமுறை டாக்டர் அவன் காலை மெல்ல விரித்துப் பார்த்து, இடுப்பு மூட்டு நழுவ ஆரம்பித்திருக்கிறது என்றார். எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. தினமும் குளிப்பாட்டுகிற எனக்கே தெரியாதது எந்தக் கேமராவுக்குத் தெரிந்திருக்கும்? அதனால் சேலத்தை விட்டுவிட முடியாது.

இரண்டாவது, வீட்டிலிருந்தே வீடியோவில் முன்பின் தெரியாத ஒரு டாக்டர். 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவ விதிமுறைகளை வெளியிட்டது. குழந்தை என்றால் அடையாளம் உறுதிசெய்யப்பட்ட ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அடுத்த மாதமே இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்து இலவசமாக டாக்டரிடம் பேசும் வசதி வந்தது. தோலில் தடிப்பு, மலச்சிக்கல் மாதிரி விஷயங்களுக்கு இந்த வழி போதும். இவனைப் போன்ற பிள்ளைக்குத்தான் இடிக்கிறது. நான் ஒரு தனியார் ஆப்பில் முயன்றபோது, பிறந்தவுடன் அழாததில் தொடங்கி ஆறு மருந்தின் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. "நேர்ல காட்டிடுங்கம்மா" என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தெரியாத பிள்ளைக்கு அதுதான் சரியான பதில்.

மூன்றாவது, பிள்ளையைத் தெரிந்த டாக்டருக்கு வாட்ஸ்அப். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வலிப்பு எப்படி வருகிறது என்று ஓ.பி.யில் கேட்பார்கள். நான் கையை விறைத்துக் கழுத்தைத் திருப்பி நடித்துக் காட்டுவேன், அவர் ஏதோ எழுதிக்கொள்வார். அங்கே இருக்கும் ஐந்து நிமிஷத்தில் பிள்ளைக்கு வலிப்பு வரவா போகிறது? ஒருநாள் பால் கொடுத்த பிறகு அவன் முதுகை வில்லாக வளைத்து விறைத்ததை நாற்பது விநாடி படம் எடுத்து அனுப்பினேன். இது வலிப்பில்லை, பால் எதுக்களித்து மேலே ஏறுவதால் வரும் விறைப்பு என்று பதில் வந்தது. வலிப்பு மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. பாலை மெதுவாக, தலையைத் தூக்கி வைத்துக் கொடுத்தோம், குறைந்தது.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: போர்வையை விலக்கி, விளக்கைப் போட்டு, முதலில் முழு உடம்பு, அப்புறம் கண். கையைக் காலைப் பிடித்து அமுக்காதீர்கள். வலிப்பு ஐந்து நிமிஷத்தைத் தொட்டால் படமெல்லாம் போதும், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாட்ஸ்அப்பின் பலவீனம், அது ஒரு டாக்டரின் நல்ல மனசை மட்டும் நம்பியிருப்பது. அவர் ஊருக்குப் போனால் நமக்கு வழியில்லை. சொன்ன மருந்து எந்த நோட்டிலும் ஏறாது.

நான்காவதுதான் என் ஓட்டு. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம்மோடு டாக்டரும் நர்ஸும் உட்கார, அங்கிருந்து வீடியோவில் நிபுணர். இவனுக்குப் பெரும்பாலான மருந்துகளின் அளவை உடம்பு எடையை வைத்துத்தான் முடிவுசெய்வார்கள், வீட்டுப் போனோ எடை பார்க்காது. இங்கே நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்க ஆள் இருக்கிறது, விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கலாம். அதைவிட முக்கியமானது, நிபுணர் சொல்வதை நம்ம ஊர் டாக்டரும் கூடவே கேட்பது. முன்பெல்லாம் இவனைக் கண்டதுமே ரெஃபர் சீட்டு எழுதியவர், இப்போது முதலில் மார்பைக் கேட்கிறார்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் இப்படிச் சிக்கலான நோயுள்ள 422 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. வீடியோ வசதி சேர்த்தவர்களுக்கு, வைத்தியத்துக்காக வீட்டுக்கு வெளியே போன நாட்கள் குறைந்தன. அங்கே வீடியோவில் வந்தது யாரோ ஒருவர் அல்ல, அந்தப் பிள்ளைகளை ஏற்கெனவே கவனித்துவந்த அதே மருத்துவக் குழு. எனக்கு அதில் பிடிபட்ட விஷயம் இதுதான்.

இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. நிபுணருக்கு நேரம் கிடைக்கும்போது இங்கே கரண்ட் இருக்காது, கரண்ட் இருக்கும்போது அவர் வார்டில் இருப்பார். குழந்தை நரம்பியல் டாக்டர் எல்லா நாளும் கிடைப்பதுமில்லை.

போன மாதம் நர்ஸ், "அக்கா, நீங்க தம்பியத் தூக்கிட்டு எடை மெஷின்ல ஏறுங்க, அப்புறம் தனியா ஏறுங்க" என்றார். இருவரும் சேர்ந்து 71 கிலோ, நான் மட்டும் 56. ஒரு வருஷமாக அவன் எடை 12 கிலோ என்ற கணக்கில் கொடுத்துவந்த சிரப்பின் அளவை நிபுணர் அன்றே மாற்றினார். இடுப்பு எக்ஸ்ரேக்கு மட்டும் அடுத்த மாதம் சேலம் பஸ் ஏற வேண்டும்.