வேகன் ஆரா, டியாகோவா: பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டிப் போகிறவர்களுக்கு மட்டும்

2025 செப்டம்பர் 22-ல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியதில் இருந்து வேலூர் பக்கம் மாருதி வேகன் ஆரா, டாடா டியாகோவா என்ற கேள்வி ஓயவே மாட்டேன் என்கிறது. மைலேஜ், டிக்கி, விலை எல்லாம் கேட்கிறவர்களுக்கே அத்துப்படி. மோதல் சோதனையில் பாதுகாப்புக்குக் கொடுக்கிற ஸ்டார் விஷயத்தில்தான் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாதிக் கதை தப்பு.

கார்களை மோதவிட்டு ஸ்டார் போடுகிற குளோபல் என்கேப் அமைப்பு டியாகோவைச் சோதித்தது 2020 ஜனவரியில். பெரியவர்களுக்கு 4 ஸ்டார், குழந்தைகளுக்கு 3. வேகன் ஆரை இரண்டு முறை மோதிப் பார்த்தார்கள். 2019-ல் பெரியவர்களுக்கு 2 ஸ்டார். 2023-ல் பெரியவர்களுக்கு 1, குழந்தைகளுக்குப் பூஜ்யம். இந்த 1-ஐயும் டியாகோவின் 4-ஐயும் பக்கத்தில் வைத்துப் பேசுவது நியாயமில்லை. 2022 ஜூலைக்குப் பிறகு சோதனை விதி கடுமையாகிவிட்டது. பக்கவாட்டு மோதல், நடந்து போகிறவர் பாதுகாப்பு, வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்கிற இஎஸ்சி எல்லாம் கணக்கில் சேர்ந்துவிட்டன. பழைய விதியில் எடுத்த 2-ஐயும் 4-ஐயும்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தாலும் இடைவெளி பெரியதுதான்.

டியாகோ வைத்திருப்பவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த 4 ஸ்டார் சோதனையிலேயே அதன் பாடி, அதாவது ஆள் உட்காரும் கூடு, 'நிலையற்றது' என்றுதான் குறிக்கப்பட்டது. டிரைவர் கால் வைக்கும் இடமும் அப்படியே. இன்னும் கொஞ்சம் வேகம் கூடினால் கூடு தாங்காது என்று அர்த்தம். சோதனை வேகம் மணிக்கு 64 கி.மீ., வண்டியின் முன்பக்கத்தில் 40 சதவீதம் மட்டும் மோதும். வாலாஜாவில் இருந்து வேலூர் வரும்போது நூறில் வருகிறீர்கள் என்றால் மோதலின் ஆற்றல் அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. டாடாவின் நெக்ஸான் 2018-லேயே 5 ஸ்டார் வாங்கியது; அதே டாடா பெயர்ப்பலகை ஒட்டியிருப்பதால் டியாகோவும் அந்த ரகம் என்று நினைக்காதீர்கள்.

அதோடு, ஓரத்தில் லைட் இல்லாமல் நிற்கிற லாரியின் பின்னால் செருகிக்கொண்டால் எந்த ஸ்டாரும் கைகொடுக்காது. லாரியின் அடிச்சட்டம் பானட்டுக்கு மேலே, நேராகக் கண்ணாடிக்கு வரும். மோதலை வாங்க வேண்டிய முன்பகுதிக்கு அங்கே வேலையே இல்லை. ராத்திரி இடது ஓரத்து லேனில் வேகமாகப் போகக் கூடாது என்பது இதனால்தான்.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். 2025-ல் வேகன் ஆருக்கு ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் வந்துவிட்டது. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் "ஆறு பலூன் இருக்கு சார், இனி என்ன பயம்" என்று விற்கிறார்களே, அது பச்சைப் பொய். பலூன் தலையையும் நெஞ்சையும் தாங்கும். பாடியில் மடங்குகிற தூணை நிமிர்த்தாது. கூடு உள்ளே வந்தால் பலூன் விரிய இடம் ஏது? பெல்ட் போடாமல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பலூனே அடி. பெல்ட் அலாரம் கத்தாமல் இருக்க முப்பது ரூபாய்க்கு ஒரு போலிக் கொக்கி மாட்டிக்கொள்கிறவர்களுக்கு ஆறு என்ன, பத்து வைத்தாலும் ஒன்றுதான்.

உழைப்பு என்று வந்தால் வேகன் ஆரை அசைக்க முடியாது. அக்னி நட்சத்திர வெயிலில் வேலூர் டிராஃபிக்கில் ஏசி போட்டு நின்றாலும் 1.2 நாலு சிலிண்டர் அலட்டிக்கொள்ளாது. பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும். எந்த ஷெட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார்கள். டியாகோவின் மூன்று சிலிண்டர் ஐட்லிங்கில் அதிரும், அது அதன் சுபாவம். முன்பக்கம் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது 'டக் டக்' என்றால் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னதும் தலையாட்டாதீர்கள். வண்டியைத் தூக்கி, சக்கரத்துப் பக்கம் இருக்கிற சின்ன இணைப்புக் கம்பியான ஸ்டெபிலைசர் லிங்க் ராடைக் கையால் அசைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதில்தான் லூஸ் இருக்கும். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

ஆனால் வேகன் ஆரின் பதிவேடும் வெள்ளைத்தாள் இல்லை. 2018 நவம்பர் 15 முதல் 2019 அக்டோபர் 15 வரை தயாரான 1 லிட்டர் வண்டிகள் 56,663-ஐ ஃபியூயல் பம்புக்காக 2020 ஜூலையில் திரும்ப அழைத்தார்கள். 2024 மார்ச்சில் இன்னும் 4,190, அதுவும் ஃபியூயல் பம்ப் மோட்டார்தான். TN 23 (வேலூர்), TN 73 (ராணிப்பேட்டை) என்று செகண்ட் ஹேண்டில் சுற்றுகிற வண்டிகளில் இந்த வருடங்கள் நிறைய. ஆர்சி-யில் உள்ள சேசிஸ் நம்பரில் MA3-க்குப் பின்வரும் 14 எழுத்து-எண்ணை கம்பெனி வலைத்தளத்தில் போட்டால் அழைப்பில் இருந்ததா என்று தெரிந்துவிடும். இருந்திருந்தால், பம்ப் மாற்றியதற்கு சர்வீஸ் ரெக்கார்டு கேளுங்கள், வாய்வார்த்தை போதாது.

ஓடும்போது பம்ப் போனால் இன்ஜின் அணைந்துவிடும். அப்போது சாவியைத் திருப்பி எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். சாவி ஆனில் இருந்தால் ஸ்டீயரிங் மோட்டாருக்கு பேட்டரி ஓரளவு ஈடுகொடுக்கும். பிரேக் மிதியை லேசாக்குகிற பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். நியூட்ரல், ஹஸார்டு, இடது ஓரம். எல்லோரும் இறங்கி சாலையோரக் கம்பிக்கு வெளியே போய் நின்றுவிட்டு, நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் போடுங்கள். பாதி வழியில் நிற்காத வண்டியும் பாதுகாப்பான வண்டிதான், அதை ஸ்டார் கணக்குக் காட்டாது.

உழைப்பை மட்டும் பார்த்தால் வேகன் ஆர் எடு என்றுதான் சொல்ல வேண்டும். காட்பாடி, சத்துவாச்சாரி, சிஎம்சி என்று ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். வாரம் தவறாமல் ஆம்பூர், வாணியம்பாடி, பெங்களூர் என்று பிள்ளைகளோடு போகிறவருக்கு டியாகோ. குழந்தைக்குப் பூஜ்யம் என்று எழுதிய தாளைப் பார்த்த பிறகு லிங்க் ராடு சத்தம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. கோபத்தில் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் ஷோரூமில் பின் சீட்டின் அடிப்பாகமும் முதுகும் சேருகிற இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். குழந்தை சீட்டை மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் இரும்புக் கம்பி தட்டுப்பட வேண்டும். நடு சீட்டுக்கு இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் அங்கே குழந்தையை உட்கார வைக்காதீர்கள். பின்பக்கம் பார்த்து வைக்கிற பேபி சீட்டை, ஏர்பேக் உள்ள முன் சீட்டில் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள்.